கோழிக்கு மெத்தை போட்டவள்

அனுமந்தன்பட்டியில் ஒரு பொம்பளையின் மானம் அவள் வீட்டுத் தரையில் இருந்தது. சனிக்கிழமை சாயங்காலம் சாணி கரைத்து மெழுகி, மறுநாள் பூசைக்கு மணி அடிக்கும்போது எவள் வீட்டு வாசல் பளிச்சென்று கிடக்கிறதோ அவள்தான் குடும்பத்துக்காரி. தரை தெரியாமல் குப்பை கிடந்தால் அவள் எத்தனை செபமாலை உருட்டினாலும் கரையேற வழியில்லை. செபஸ்தியம்மாளும் இதே ஊரில் பிறந்து இதே சாணியைக் கரைத்து வளர்ந்தவள்தான். அப்படிப்பட்டவள் தன் கோழிக் கொட்டகையில் தரையே கண்ணுக்குத் தெரியாதபடி ஒரு முழ ஆழத்துக்கு மரச்சிராயைக் கொட்டி நிரப்பி, சித்திரையிலிருந்து விளக்குமாறு படாமல் விட்டு வைத்திருந்தாள் என்றால் ஊர் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. யுத்தம் நடந்துகொண்டிருந்த அந்த வருசம், ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் ஊர்க்கூட்டம் கூடியது. கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற உபதேசியார் சூசைமுத்து எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார்.

"ஊரார் கேக்கணும். எங்க வீட்டுக்கு மேக்க சின்னப்பராஜ் தங்கச்சியோட கோழிக் கொட்டகை இருக்கு. அது கொட்டகையா குப்பைக் கெடங்கான்னு உள்ள இருக்கிற கோழிக்கே தெரியாது. ஆறு மாசமா வெளக்குமாறு அங்கன எட்டிப் பாக்கல. இப்ப அடைமழை வருது. நாறுனா மொதல்ல எம்மூக்குக்குத்தான் வரும். அப்புறம் கோயிலுக்கு வரும். சாம்பிராணி போட்டாலும் எடுபடாது."

"ஊரே வெறகுக்கு அலையுது, இவ கோழிக்கு மெத்தை போட்டிருக்கா" என்றான் ஒருவன்.

"தலகாணி போடலையாமா?" என்றான் இன்னொருவன். கூட்டம் சிரித்தது.

ஆம்பளைகள் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். பொம்பளைகள் சுவரோரம் நின்றார்கள். நின்று கேட்பதற்குத்தான் அங்கே அவர்களுக்கு இடம். பேசுவதற்கு அவரவர் வீட்டு ஆம்பளையின் வாய் இருந்தது. புருசனை இழந்த செபஸ்தியம்மாளுக்கு வாய்த்த வாய் அண்ணன் சின்னப்பராஜ். அந்த வாய் அன்றைக்கு வெற்றிலை மென்றுகொண்டிருந்தது.

போன வருசக் கோடை அறுவடையில், செபஸ்தியம்மாளின் கோழிகள் களத்து நெல்லைக் கொத்துகின்றன, அடைத்து வை என்று தீர்ப்புச் சொன்னதும் இதே கூட்டம்தான். அவிழ்த்துவிட்டால் கொத்துகிறது, அடைத்து வைத்தால் நாறுகிறது. ஊருக்கு முட்டை மட்டும் வேண்டும், கோழி ஆகாது. அண்ணன் வெற்றிலையைத் துப்புவான் என்று கொஞ்ச நேரம் பார்த்தாள். துப்பக் காணோம். அவளே முன்னால் வந்தாள்.

"உபதேசியாரய்யா, இப்ப நாறுதா?"

"மழை பேஞ்சா நாறும்."

"பேஞ்சா என்ன ஆகும்னு கேக்கல. இன்னைக்குக் காலையில நாறுச்சா?"

உபதேசியார் நாட்டாமையைப் பார்த்தார். நாட்டாமை சவரிமுத்து தன் நிலத்தைத் தானே உழுது தின்கிற மனுசர். வார்த்தையை அளந்துதான் விடுவார்.

"நாறுதா நாறாதான்னு மழைதான் சொல்லணும்" என்றார். "இந்த மழை ஒரு பாட்டம் அடிச்சு ஓயட்டும். ஓஞ்ச மறு ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு நாங்க வந்து மோந்து பாக்கோம். நாறுனா அன்னைக்கே கொட்டகையப் பிரிச்சிரணும். சம்மதமா தாயி?"

"சம்மதம். ஆனா வெளிய நின்னு மோந்துட்டுப் போனா ஒத்துக்க மாட்டேன். உள்ள வந்து பாக்கணும். பிராது குடுத்தவக மொதல்ல வரணும்."

"வந்தாப் போச்சு" என்றார் உபதேசியார். அந்தக் கொட்டகை எவ்வளவு தாழ்வானது என்பது அவருக்கு நினைவில்லை. ஆடிக் காற்று பிய்த்துக்கொண்டு போகாமல் இருக்கச் செபஸ்தியம்மாள் கூரையை இடுப்புக்குக் கொஞ்சம் மேலேதான் இறக்கிக் கட்டியிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியில்தான் சின்னப்பராஜுக்குப் பேச்சு வந்தது.

"கொட்டகையப் பிரிச்சா அம்புட்டுத்தான் பாத்துக்க. தை மாசம் மேகமலைக் கங்காணி ஆள் கூட்ட வாராரு. நீ கெளம்ப வேண்டியதுதான். வீட்டுல சும்மா ஒக்கார வச்சுக் கஞ்சி ஊத்த எனக்குத் தெம்பில்ல."

"நான் எப்பண்ணே சும்மா ஒக்காந்தேன்?"

"நீ ஒக்காருவன்னு சொல்லல. ஒக்காந்தா என்ன பண்றதுன்னு சொல்றேன்."

மேகமலை அவளுக்குத் தெரியாத இடம் இல்லை. கல்யாணமாகி அங்கேதான் போனாள். தேயிலைத் தோட்டத்து லயத்தில் ஒற்றை அறை, அட்டைக்கடி, காய்ச்சல். அந்தக் காய்ச்சல்தான் அவள் புருசனைக் கொண்டுபோனது. சின்னமனூர் வழியாக இறங்கி வந்தபோது அவள் கையில் ஒரு தகரப் பெட்டியும் காலைக் கட்டிய இரண்டு பெட்டைக் கோழிகளும் இருந்தன. திரும்ப ஏறுவதில்லை என்று முதல் வளைவிலேயே முடிவு கட்டிக்கொண்டாள். அண்ணன் வீட்டுக்குப் பின்னால் தனி அடுப்பு வைத்தாள். அந்த இரண்டு பெட்டையும் பெருகிப் பெருகி, உத்தமபாளையத்து ஆஸ்பத்திரிக்கும் கம்பத்துக் காப்பிக் கடைகளுக்கும் முட்டை போகிற அளவுக்கு ஆயிற்று. அவள் உலையில் கொதித்த அரிசி அவள் கோழி சம்பாதித்தது. ஒரு பொம்பளை இதைவிடப் பெரிதாக எதைப் பீற்றிக்கொள்ள வேண்டும்?

சிராய் வைத்தியம் அவளாகக் கண்டுபிடித்தது. துரைமார் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துச் செய்தாள் என்றால் அவளுக்கு எழுத்தே தெரியாது.

கோழிகளை அடைத்து வைத்த புதிதில் அவளும் ஊர் வழக்கப்படிதான் தினம் பெருக்கினாள், மெழுகினாள். மெழுக மெழுகத் தரை ஈரமானது. ஈரத்தில் எச்சம் கரைந்து கண்ணைக் கரிக்கிற நெடி கிளம்பியது. கோழிகளின் பாதம் வீங்கிச் சீழ் கட்டியது. போன வருசம் ஆனி மாதத்துச் சாரலில் முட்டை விற்கக் கம்பத்துக்குப் போனவள் மரவாடிப் பக்கம் ஒதுங்கினாள். யுத்தத்துக்கு மரம் வேண்டுமென்று குமுளியிலிருந்து லாரி லாரியாகத் தடி இறங்கிக்கொண்டிருந்த காலம். ஆட்கள் கோடாலியாலும் வாய்ச்சியாலும் தடியைச் சதுரமாகச் செதுக்கித் தள்ள, உள்ளங்கை அகலத்துக்கும் வாழைப்பூ மடல் கனத்துக்கும் சிராய் தெறித்துக் குவிந்து கிடந்தது. அந்தக் குவியலின் மேல் மரவாடிக் கோழிகள் நின்றன. ஊரிலுள்ள கோழியெல்லாம் கழுத்தை இழுத்துக்கொண்டு சகதிக் காலோடு நடுங்குகிற அந்தச் சாரலில், இவை உலர்ந்த காலோடு சிராயைப் பறித்துப் பறித்துப் பூச்சி தின்றுகொண்டிருந்தன.

அவள் குனிந்து ஒரு கை அள்ளினாள். இத்தனை கோழி அடைகிற இடம். எச்சம் எங்கே போயிற்று? மேலே சிராய், அதற்குக் கீழே கறுத்த பொடி. மோந்து பார்த்தாள். மழை பெய்த காட்டு வாசனைதான் அடித்தது.

"இந்தச் செராய யாரு அள்ளிட்டுப் போவாக?" என்று மரவாடிக் கணக்கப்பிள்ளை சீனிச்சாமியிடம் கேட்டாள்.

"காஞ்சது கெடந்தா பொம்பளையாளுக சண்டை போட்டு அள்ளிரும். பச்சைய எவ தொடுவா? அடுப்புல வச்சாப் பொகையும், கண்ணு அவிஞ்சு போகும். எடத்த அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. வேணும்னா அள்ளிக்க தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஆக, எவள் வீட்டு அடுப்பையும் அவள் அவிக்கவில்லை. ஊர் வேண்டாமென்று தள்ளிய பச்சைச் சிராயைத்தான் அவள் வண்டியில் ஏற்றினாள். கூட்டத்தில் விறகுக் கதை பேசினவனுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள அவன் கேட்கவும் இல்லை.

முதல் தடவை தப்புத்தான் செய்தாள். களத்து மண்ணை மிதிப்பதுபோல ஈரச் சிராயை மிதித்துக் கெட்டிப்படுத்தினாள். கோழிக்குக் குளிருமே என்று நாலு பக்கமும் பாயைக் கட்டி அடைத்தாள். உள்ளே காற்றில்லை. சிராய் புழுங்கி வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்தது. கோழிகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கின, சில செத்தன. "பச்சை மரத்துச் சூடு கோழியக் கொல்லும்னு தெரியாதா?" என்றார்கள் ஊரார். அவள் செத்த கோழிகளை வாழையடியில் புதைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தாள். மரவாடியில் அதே பச்சைச் சிராய், கோழி சாகவில்லை. அங்கே இருந்து இங்கே இல்லாதது காற்று ஒன்றுதான்.

பாயை அவிழ்த்தெறிந்தாள். கூரைக்குக் கீழே மூங்கில் தப்பையை இடைவெளி விட்டுக் கட்டினாள். சிராயை ஒரு வெயில் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாகப் பரப்பினாள். தோதகத்தி மரத்துச் சிராயை மட்டும் ஒதுக்கினாள். அதன் தூள் அவள் மூக்கிலேயே தும்மலைக் கிளப்பியது, தனக்கு ஆகாதது கோழிக்கு மட்டும் ஆகிவிடுமா? சாயங்காலந்தோறும் ஒரு கை கம்புத் தானியத்தை உள்ளே விசிறினாள். கம்பு சிராய்க்குள் இறங்கும், கோழி அதைத் தேடிப் பறிக்கும், கீழது மேலே வரும், மேலது கீழே போகும். உழுவதற்கு மாடு தேடவேண்டியதில்லை. சித்திரையில் தொடங்கிய இரண்டாவது படுக்கை, ஐப்பசியில் ஒரு முழம் ஏறியிருந்தது. பாதம் வீங்கின கோழி ஒன்றுகூட இல்லை.

மழை அந்த வாரமே பிடித்துக்கொண்டது. மேற்கு மலையும் கிழக்கு மலையும் மறைந்துபோய், ஊர் ஒரு மூடிக்குள் கிடந்தது. வாய்க்கால் நிறைந்து வயல் நிறைந்து, சுவர்கள் ஊறின. உபதேசியார் தினம் காலையில் தன் வீட்டுக் கொல்லையில் வந்து நின்று மேற்கே பார்த்து மூக்கை உறிஞ்சினார். செபஸ்தியம்மாள் மூங்கில் தப்பை வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சளி புடிச்சிருக்கா உபதேசியாரய்யா? நொச்சி எல வேணுமா?"

அவர் உள்ளே போய்விட்டார்.

புதன்கிழமை மழை விட்டது. வருகிற ஞாயிறு வந்து மோந்து பார்ப்பது என்று நாட்டாமை சொல்லியனுப்பினார். தாழ்வாரத்தை ஒட்டிச் சாரல் அடித்த இடத்தில் படுக்கை கொஞ்சம் அமுங்கியிருந்தது. மேலே ஒரு அடுக்குப் புதுச் சிராய் போட்டால் சரியாகிவிடும். வியாழக்கிழமை விடிய வண்டிக்காரன் குருசாமியின் மாட்டு வண்டியைப் பிடித்துக்கொண்டு கம்பத்துக்குப் போனாள். பாரம் ஏற்றித் திரும்பும்போது புதுப்பட்டிக்கு அருகே சேற்றில் இறங்கிய வண்டிக்கு அச்சு முறிந்தது. பாரத்தை விட்டு வர மனசில்லாமல் அங்கேயே கிடந்து, வேறு அச்சு கிடைத்து, வண்டி கிளம்பி, சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

வந்தவளை வாசலிலேயே ஒரு நெடி மறித்தது.

கொட்டகையின் நடுவே ஒரு தட்டி உண்டு. வாசல் பக்கத்துப் பாதியில் வளர்கிற குஞ்சுகளும் சேவல்களும், உள்பாதியில் முட்டையிடுகிற பெட்டைகள். வாசல் பக்கத்துப் பாதியில் தரை தெரிந்தது. ஆறு மாதத்துப் படுக்கையை ஒரு சிராய் விடாமல் வழித்துப் பெருக்கி, சாணி கரைத்து, கோடு பிசகாமல் அழகாக மெழுகியிருந்தார்கள். அந்த மெழுக்கு இரண்டு நாளாகியும் காயவில்லை. அதன்மேல் சேவல்கள் எச்சமிட்டு, மிதித்து, குழப்பி, இப்போது அது சகதி. கண் கரித்தது. ஒரு சேவல் ஒற்றைக் காலில் நின்றது.

"யாரு செஞ்சது?"

அண்ணன் பெண்டாட்டி பாக்கியம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். முகத்தில் நல்லது செய்த களை.

"நாந்தான். நீ கம்பத்துக்குப் போயிட்ட, ஞாயித்துக்கெழம பெரிய மனுசர் வாராகளே, ஒத்தாசையா இருக்கட்டும்னு வியாழக்கிழமையே எறங்கிட்டேன். உள்பக்கமும் பெருக்கியிருப்பேன், அந்தக் கறுத்த பெட்ட அடைக்கு உக்காந்துக்கிட்டு கொத்த வருது. இடுப்பு விட்டுப் போச்சு புள்ள."

"அள்ளுன செராய் எங்க மதினி?"

"வாழைக்குப் போட்டேன். வாய்க்காத் தண்ணி ஏறி ஊறிக் கெடக்கு."

செபஸ்தியம்மாள் திரும்பி மதினியைப் பார்த்தாள். பாக்கியத்துக்கு அவள் முகம் புரிந்துவிட்டது, குரல் உயர்ந்தது.

"என்ன அப்பிடிப் பாக்குற? நாலு பேர் வர்ற எடத்துல தரை தெரியலைன்னா யாரு பேரு கெடும்? உம்பேரா? இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்த எம்பேருதான் கெடும். பாக்கியம் பெருக்க மாட்டாளாம், அவ நாத்தனா குப்பையில கோழி வளக்காளாம்னு எங்க அம்மா ஊரு வரைக்கும் போயிருச்சு. உனக்கு ஒரைக்கலை, எனக்கு ஒரைக்குது."

ஒரைக்காமல் இல்லை. கூட்டத்தில் சிரித்த சிரிப்பு செபஸ்தியம்மாளின் காதிலும் இன்னும் கிடந்தது. எத்தனை நாள் காலையில், எவளாவது வேலிக்கு மேலே எட்டிப் பார்க்கும்போது, விளக்குமாற்றை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிடலாமா என்று அவள் கை அரித்திருக்கிறது. அந்த அரிப்பு எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். ஆம்பளைகள் தீர்ப்புச் சொல்லுவதும், பொம்பளைகள் அதற்கு முன்னாலேயே பயந்து பெருக்கி வைப்பதும் எந்தக் காலத்திலிருந்தோ நடக்கிறது.

சின்னப்பராஜ் வண்டியைச் சுற்றி வந்து சிராயைத் தொட்டுப் பார்த்தான். "இதைக் கொட்டி மூடிரு. விடியறதுக்குள்ள மூடிட்டா ஒருத்தருக்கும் தெரியாது. நான் வேணும்னா ரெண்டு கூடை எடுத்துப் போடுறேன்."

அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வருவதே அபூர்வம். ஆனால் அவள் வேண்டாமென்று தலையை ஆட்டினாள்.

"சகதி மேல கொட்டுனா நாத்தம் செத்த நேரம் பதுங்கும், அம்புட்டுத்தான். உபதேசியாரு காலு வச்சு அமுக்குன ஒடனே மேல வரும். அப்ப நாறுனது எஞ்செராயின்னு ஆகிப்போகும். வேணாம். அப்பிடியே கெடக்கட்டும்."

"அப்பிடியேவா? நொழைஞ்ச ஒடனே மூக்கப் புடிப்பாகளே."

"புடிக்கட்டும்."

"மேகமலைக்குப் போறேன்னு முடிவு பண்ணிட்டியாத்தா?"

"உள்பாதி இருக்குல்லண்ணே. அது வரைக்கும் அவக வந்தாப் போதும்."

மறுநாள் பூசை முடிந்ததும் வந்தார்கள். முன்னால் நாட்டாமை, அவருக்குப் பக்கத்தில் சலவைச் சட்டையும் புதுத் தலைப்பாகையுமாக உபதேசியார், பின்னால் ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர், அவர்களுக்குப் பின்னால் வேடிக்கை பார்க்கப் பாதி ஊர். தூறல் மறுபடியும் பிடித்திருந்தது. செபஸ்தியம்மாள் கொட்டகை வாசலில் நின்றாள். கோயிலுக்குக் கட்டிய சேலையை மாற்றவில்லை.

"வாங்க. பிராது குடுத்தவக மொதல்ல."

உபதேசியார் கூரையைப் பார்த்தார். பிறகு தன் தலைப்பாகையைத் தொட்டுப் பார்த்தார்.

"கூரை தாழ்வா இருக்கே."

"ஆமாய்யா. குனிஞ்சுதான் வரணும். நான் தெனமும் குனிஞ்சுதான் போறேன்."

கூட்டத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். உபதேசியார் தலைப்பாகையைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு, கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து உள்ளே நுழைந்தார். நாட்டாமை தொடர்ந்தார். மற்றவர்கள் ஒருவர் பின்னால் ஒருவராக, ஆடுகள் பட்டிக்குள் நுழைகிற மாதிரி, முதுகை மடக்கிக்கொண்டு போனார்கள். சேவல்கள் அலறிப் பறந்தன. நுழைந்த வேகத்திலேயே உபதேசியார் தோள்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டார்.

"பாத்தீகளா நாட்டாமை. நான் சொன்னேனா இல்லையா? கண்ணெல்லாம் எரியுது. பிரிக்கச் சொல்லுங்க."

"இது எந்தப் பாதி தாயி?" என்றார் நாட்டாமை. அவருக்கும் கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் உழவர். காலுக்குக் கீழே பார்த்துவிட்டுத்தான் பேசுவார். "செராயவே காணோமே."

"இது நம்ம ஊரு மொறைப்படி பெருக்கி மெழுகுன பாதி. வியாழக்கிழமை மெழுகுனது. இங்கன செராய் ஒண்ணுகூடக் கெடையாது. நல்லா மோந்துக்கங்க. மோந்துட்டு அந்தத் தட்டிக்கு அங்கிட்டு வாங்க. அந்தப் பாதியத்தான் நான் ஆறு மாசமாப் பெருக்கல."

வெளியே இருந்து பாக்கியத்தின் குரல் வந்தது. "நாந்தான் மெழுகுனேன். ஒரு தரை மெழுகுற மாதிரி ஒழுங்காத்தான் மெழுகுனேன். எம்மெழுக்கு மேல குத்தமில்ல. கோழிதான் சரியில்ல."

"உம்மெழுக்க ஒருத்தரும் குத்தம் சொல்லல மதினி" என்றாள் செபஸ்தியம்மாள் திரும்பாமலே. அவள் தட்டியைத் தூக்கிப் பிடித்தாள்.

உபதேசியாருக்கு நிமிர முடியவில்லை. நின்ற இடத்தில் நிற்கவும் நெடி விடவில்லை. வேறு வழியில்லாமல் உள்பாதிக்கு வந்தார். கால் பொதுக்கென்று இறங்கியது, ஆனால் ஈரம் ஒட்டவில்லை. பெட்டைகள் விலகி நடந்தன. அவற்றின் கால்கள் மஞ்சளாக, கழுவி விட்டதுபோல இருந்தன. ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் வந்தார்கள். பேச்சுச் சத்தம் அடங்கியது. கூரையில் தூறல் விழுகிற ஓசையும், கோழிகள் சிராயைப் பறிக்கிற ஓசையும் மட்டும் கேட்டன. இத்தனை பேரும் மூக்கை உறிஞ்சினார்கள். கோயிலில் சாமியார் நற்கருணை அப்பத்தை உயர்த்திக் காட்டும்போதுகூட அவர்கள் இத்தனை அமைதியாக இருந்ததில்லை.

நாட்டாமை குத்தவைத்து உட்கார்ந்தார். முழங்கை வரை கையைச் சிராய்க்குள் விட்டார்.

"கதகதன்னு இருக்கே."

"ஆமாய்யா. அடியில இருக்கிறது மக்குது. அதான் இந்தக் குளிருலயும் கோழி சொணங்கல."

மூலையில் கறுத்த பெட்டை சிறகை விரித்துச் சீறியது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து ஒரு குஞ்சு தலையை நீட்டியது, பிறகு இன்னொன்று. ஐப்பசியில் பொரித்த குஞ்சு பிழைக்காது என்று ஊரில் சொல்வார்கள். இவை காலையில்தான் பொரித்திருக்க வேண்டும். சிராய்க்குள் குழி பறித்து, அதில் அடை உட்கார்ந்து, அந்தப் பெட்டை யாரையும் கேட்காமல் வேலையை முடித்திருந்தது. பொரித்தது செபஸ்தியம்மாளுக்கே அப்போதுதான் தெரியும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

நாட்டாமை அடியிலிருந்து ஒரு கை அள்ளினார். கறுப்பாக, உதிரியாக வந்தது. உள்ளங்கையில் நசுக்கினார், மோந்தார், மறுபடியும் மோந்தார்.

"ஏலே, இது அசல் எருவு" என்றார் பின்னால் இருந்தவரிடம். "நாம ஒரு வருசம் குழியில போட்டு மக்க வைக்கிற எரு. இவ கோழிய விட்டு மக்க வச்சிருக்கா." கை எல்லாருடைய மூக்குக்கும் போயிற்று. கடைசியாக உபதேசியாரிடம் வந்தது. "நீரு சொல்லும் உபதேசியாரே. நாறுதா?"

உபதேசியார் மோந்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் மோந்தார். மனுசர் பொய் சொல்கிறவர் அல்ல. அது அவருடைய கஷ்டம்.

"நாறலைன்னு சொல்லிற முடியாது. ஒரு மாதிரி வாசனை வருது."

"என்ன வாசனை?"

"மர வாசனை."

"மரம் மர வாசனை அடிக்கிறதுக்கா பிராது குடுத்தீரு?"

அங்கே சிரிப்பு கிளம்பியது. குனிந்தபடி சிரிப்பது கஷ்டம். இரண்டு பேருக்கு இருமல் வந்துவிட்டது.

"அப்ப அந்தப் பாதி நாறுதே" என்றார் உபதேசியார் விடாமல்.

"நாறுது" என்றாள் செபஸ்தியம்மாள். "நீங்க பெருக்கச் சொன்ன பாதி அது. நீங்க எப்பிடிச் சொன்னீகளோ அப்பிடி இருக்கு. எது வேணும்னு இப்பச் சொல்லுங்க. கொட்டகையப் பிரிக்கணுமா, அந்தப் பாதிக்கும் செராய் போடணுமா? வெளிய வண்டி நிக்குது. பச்சைச் செராய், நேத்துக் கொண்டாந்தது. ஒருத்தர் வீட்டு அடுப்புலயும் எரியாத செராய். வெறக வீணாக்கிக் கோழிக்கு மெத்தை போடுறேன்னு சொன்னவக யாராச்சும் இருந்தா, ஒரு கூடை கொண்டுபோய் அடுப்புல வச்சுப் பாத்துட்டு வந்து சொல்லட்டும்."

அப்படிச் சொன்னவன் வெளியே கூட்டத்தில் நின்றான். அவன் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்ப்பு கொட்டகைக்குள்ளேயே, எல்லாரும் முதுகை வளைத்து நிற்கையில் சொல்லப்பட்டது. வெளியே போய் நிமிர்ந்து நின்று சொல்லலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். "மோந்த எடத்துலயே சொல்லிருவோம்" என்றார் நாட்டாமை. "கொட்டகை இருக்கட்டும். அந்தப் பாதிக்கும் செராய் போட்டுக்க தாயி. பிராது தள்ளியாச்சு." பிறகு கையிலிருந்த கறுத்த பொடியைக் கீழே உதற மனசில்லாமல் துண்டு முனையில் முடிந்துகொண்டார். "இத அள்ளும்போது எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. நாத்தங்காலுக்கு ஆகும்."

"வைகாசியில அள்ளுவேன். கேட்டு வந்து வாங்கிக்கங்க."

கேட்டு வந்து. அந்த வார்த்தையை அவள் கொஞ்சம் அழுத்தியே சொன்னாள். நாட்டாமை அதைக் கவனித்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

ஒருவர் பின் ஒருவராகக் குனிந்தே வெளியேறினார்கள். உபதேசியார் வெளியே வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். தலைப்பாகையை உள்ளேயே விட்டுவிட்டது நினைவு வந்து, திரும்ப ஒருமுறை குனிந்து போய் எடுத்து வந்தார். அதில் ஒட்டியிருந்த சிராயைத் தட்டிவிட்டபோது, சுவரோரம் நின்ற பொம்பளைகள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பாக்கியம் மண்வெட்டியை எடுத்து வந்தாள். தான் மெழுகிய தரையைத் தானே சுரண்டினாள். "இப்பிடி ஒரு மெழுக்கு இந்தத் தெருவுல எவளுக்கு வரும்? கோடு பாரு" என்று சுரண்டச் சுரண்டப் புலம்பினாள்.

"உன் வீட்டு வாசலுக்கு ஒருத்தியும் கிட்ட வர முடியாது மதினி. அது எனக்கும் பெருமதான்" என்றாள் செபஸ்தியம்மாள். பாக்கியத்துக்கு அது போதும். மண்வெட்டி வேகமாகப் போயிற்று.

சின்னப்பராஜ் வண்டிப் பக்கம் நின்று இரண்டு வெற்றிலை மென்று முடித்தான். இந்தத் தடவை துப்பினான்.

"கங்காணி தை மாசம் வந்தா என்ன சொல்லட்டும்?"

"முட்டை வேணும்னா வரச் சொல்லுங்க."

அவன் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினான். சும்மாட்டைத் தலையில் வைத்து, குருசாமி நிரப்பிக் கொடுத்த கூடையைத் தூக்கிக்கொண்டான். அந்த வீட்டுக்குக் கோழி வந்த நாளிலிருந்து அவன் அந்தக் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லை. பச்சைச் சிராயின் வாசனை முற்றமெல்லாம் அடித்தது. செபஸ்தியம்மாள் தட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"குனிஞ்சு வாங்கண்ணே" என்றாள். "தலை இடிக்கும்."